போர் முடிந்தது, ஆயுதங்கள் என்னவாயின? இலங்கை ராணுவத் தளவாடங்கள்: ஒரு விளக்கம்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனே நகரிலுள்ள ஔந்த் ராணுவ நிலையத்துக்கு இலங்கை ராணுவ வீரர்கள் வந்து செல்வது புதிதன்று. இந்தியாவும் இலங்கையும் மாறி மாறி நடத்தும் 'மித்ர சக்தி' கூட்டுப் பயிற்சி 2015, 2017, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் புனேயிலேயே நடைபெற்றது. 2023 நவம்பர் 16 முதல் 29 வரை நடைபெற்ற பயிற்சியில், இந்தியத் தரப்பில் முக்கியமாக மராட்டா இலகு காலாட்படையைச் சேர்ந்த 120 பேரும், இலங்கைத் தரப்பில் 53-ஆவது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த வீரர்களும் பங்கேற்றனர்.

இந்த 53-ஆவது டிவிஷன், 2009-ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்கால், நந்திக்கடல் பகுதிகளில் முடிவுற்ற இறுதிப் போரில் ஈடுபட்ட படைப்பிரிவுகளுள் ஒன்று. ஆனால் புனேயில் அதன் வீரர்கள் பெற்ற பயிற்சி வேறு வகையானது. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 7-ஆவது அத்தியாயத்தின் கீழ் அமையும் நடவடிக்கைகளில் இரு படைகளும் இணைந்து செயல்படுவதே அப்பயிற்சியின் நோக்கம்.

26 ஆண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போருக்காக வாங்கப்பட்டும் உருவாக்கப்பட்டும் குவிந்த ஆயுதங்களும் வாகனங்களும், போர் முடிந்த பின் என்னவாயின? ஒரு பகுதி படைமுகாம்களில் பராமரிப்புச் சுமையாக நிற்கிறது. ஒரு பகுதி சர்வதேச உடன்படிக்கையின்படி அழிக்கப்பட்டது. மற்றொரு பகுதி ஐ.நா. அமைதிப் பணிக்கென மாற்றி அமைக்கப்பட்டது.

பல நாட்டு ஆயுதங்கள்

1983-இல் போர் தொடங்கியபோது இலங்கை ராணுவம் சிறிய படையாகவே இருந்தது. பிரிட்டிஷ் காலத்து .303 துப்பாக்கிகளும், பின்னர் வந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகளுமே காலாட்படையிடம் இருந்தன. போர் தீவிரமடைந்த பின்னர், எந்த நாட்டில் விரைவாகக் கிடைத்ததோ அந்த நாட்டிலிருந்து ஆயுதங்கள் வாங்கப்பட்டன.

தமிழ்நாட்டின் உணர்வுகளைக் கருத்தில் கொண்ட இந்தியா, தாக்குதல் ஆயுதங்களை வழங்குவதைத் தவிர்த்து, ரேடார் போன்ற தற்காப்புக் கருவிகளையே அளித்து வந்தது. எனவே சீனா, பாகிஸ்தான், இஸ்ரேல், செக் குடியரசு, உக்ரைன் உள்ளிட்ட நாடுகளை இலங்கை நாடியது. இதன் விளைவாக, போர் முடிந்தபோது அந்த ராணுவத்தின் கையிலிருந்தவை ஒரே நாட்டின் தொழில்நுட்பத்தைச் சார்ந்தவையாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உதிரிபாகம், தனித்தனி வெடிமருந்து, தனித்தனிப் பயிற்சி தேவைப்பட்டது.

காலாட்படையின் முதன்மை ஆயுதம், சீனாவில் தயாரான டைப்-56 துப்பாக்கி. ஏ.கே.-47 துப்பாக்கியின் சீன வடிவமான இது 7.62 மில்லிமீட்டர் குண்டுகளைப் பயன்படுத்துகிறது. எளிய அமைப்பு, குறைந்த விலை, மழையிலும் சேற்றிலும் இயங்கும் தன்மை ஆகியன இதன் சிறப்புகள். விடுதலைப் புலிகளும் இதே வகைத் துப்பாக்கிகளைப் பெருமளவில் பயன்படுத்தினர். ராணுவ முகாம்கள் வீழ்ந்தபோது ஆயுதங்கள் கைமாறின. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது பீரங்கிகளும் புலிகள் வசம் சென்றன.

கனரகப் பிரிவில் 122, 130, 152 மில்லிமீட்டர் அளவிலான சீனப் பீரங்கிகளும், டி-55 வகை டாங்கிகளும் இடம்பெற்றன. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்து, யாழ்ப்பாணம் கைநழுவும் நிலை ஏற்பட்டபோது, செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பான ஆர்.எம்.-70 பல்குழல் ராக்கெட் செலுத்திகள் அவசரமாகத் தருவிக்கப்பட்டன. எட்டுச் சக்கர டாட்ரா டிரக் மீது பொருத்தப்பட்ட இதில் 40 குழல்கள் உள்ளன. 122 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளைச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவுக்கு அடுத்தடுத்து ஏவக்கூடியது. குறிப்பிட்ட ஒரு புள்ளியை அன்றி, பரந்த நிலப்பரப்பைத் தாக்குவதற்கான ஆயுதம் இது.

கண்ணிவெடியால் பிறந்த வாகனம்

இலங்கைப் போரில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியவற்றுள் சாலைகளில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளும் அடங்கும். 1987-இல் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறிய இந்திய அமைதிப்படையினரும் இத்தகைய வெடிகளால் கடும் இழப்பைச் சந்தித்தனர். சாதாரண டிரக்குகளில் வீரர்களை ஏற்றிச் செல்வது ஆபத்தானது என்பதை இலங்கை ராணுவம் 1980-களிலேயே உணர்ந்தது.

அப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்து 'பஃபெல்' எனும் கண்ணிவெடித் தடுப்பு வாகனங்கள் வாங்கப்பட்டன. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் யூனிமாக் டிரக் அமைப்பின் மீது கட்டப்பட்ட இந்த வாகனத்தின் அடிப்பகுதி, ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் சரிந்திருக்கும். தட்டையான அடித்தகடு வெடிப்பின் முழு விசையையும் தாங்க வேண்டியிருக்கும். சரிவான தகடோ அவ்விசையை இரு பக்கங்களுக்கும் திருப்பிவிடும். சக்கரம் சிதறினாலும் உள்ளே இருப்பவர்கள் உயிர் தப்பும் வாய்ப்பு இதனால் அதிகரிக்கிறது.

இதில் குறைகளும் இருந்தன. தரையிலிருந்து உயரமாக அமைந்ததால் வளைவுகளில் கவிழும் அபாயம் இருந்தது. மேற்பகுதி திறந்திருந்ததால் எறிகுண்டுகளிலிருந்து பாதுகாப்பு இல்லை. இந்த அனுபவத்தைக் கொண்டு, இலங்கை ராணுவத்தின் மின் மற்றும் இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு 'யூனிகார்ன்', 'யூனிபஃபெல்' ஆகிய வாகனங்களை உள்நாட்டிலேயே உருவாக்கியது. பீரங்கிகளையும் டாங்கிகளையும் வெளிநாடுகளில் வாங்கிய ராணுவம், தானே வடிவமைத்துத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட முக்கியத் தளவாடம் இதுவே எனலாம்.

மாலியில் புதிய பணி

போர் முடிந்த பின்னரும் இவ்வாகனங்களுக்குத் தேவை குறையவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் செயல்பட்ட ஐ.நா. அமைதிப்படையில், சரக்கு வாகன அணிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும் பணி இலங்கைப் படையினருக்கு ஒப்படைக்கப்பட்டது. பல நூறு கிலோமீட்டர் நீளும் மண் சாலைகளில், புதைத்து வைக்கப்பட்ட வெடிகளே அங்கும் முதன்மை அச்சுறுத்தலாக இருந்தன. உள்நாட்டில் தயாரான யூனிபஃபெல் வாகனங்களும் அங்கு அனுப்பப்பட்டன.

2019 ஜனவரி 25 அன்று, மாலியின் டுவென்சா அருகே இலங்கைப் படையினரின் வாகனம் வெடியில் சிக்கியதில் இரு வீரர்கள் உயிரிழந்தனர். 2023 ஜூனில் ஐ.நா. பாதுகாப்புச் சபை அப்பணியை முடிவுக்குக் கொண்டுவர முடிவு செய்ய, அதே ஆண்டு டிசம்பரில் அமைதிப்படை அங்கிருந்து வெளியேறியது.

அமைதிப் பணிக்குப் படைகளையும் தளவாடங்களையும் அனுப்புவதில் பொருளாதாரக் காரணமும் உண்டு. படை வழங்கும் நாடுகளுக்கு, ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கில் ஐ.நா. பணம் வழங்குகிறது. 2022-இல் இத்தொகை 1,448 அமெரிக்க டாலராக நிர்ணயிக்கப்பட்டது. வாகனங்களுக்கும் தனியே மாதக் கட்டணம் உண்டு. ஆனால் வாகனம் இயங்கும் நிலையில் உள்ளதா என்று ஐ.நா. அதிகாரிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிப்பர். பழுதாகி நிற்கும் வாகனத்துக்குக் கட்டணம் கிடைக்காது. எனவே, நன்கு பராமரிக்கப்படும் கவச வாகனம் அந்நியச் செலாவணி ஈட்டித் தரும். முகாமில் நிற்கும் டாங்கியால் செலவு மட்டுமே மிஞ்சும்.

அழிக்கப்பட்ட கண்ணிவெடிகள்

ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. உடன்படிக்கை 2018 ஜூன் 1 முதல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கையிருப்பில் இருந்த ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளை அழிக்கும் பணியை, காலக்கெடுவுக்கு முன்னதாக 2021-லேயே இலங்கை முடித்தது. இந்தியா இந்த உடன்படிக்கையில் இதுவரை இணையவில்லை.

கிடங்கில் இருந்தவற்றை அழிப்பது எளிது. மண்ணில் புதைந்தவற்றை அகற்றுவதே கடினம். ராணுவம் புதைத்த தொழிற்சாலைத் தயாரிப்புகளும், புலிகள் மரப்பெட்டியில் செய்து புதைத்த 'ஜொனி' மிதிவெடிகளும் வட மாகாணத்தில் இன்னும் எஞ்சியுள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்வாசலில் உள்ள முகமாலை, உலகிலேயே மிக அடர்த்தியாகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. இப்பணியில் ராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவுடன் தொண்டு நிறுவனங்களும் ஈடுபட்டுள்ளன. போரில் குடும்பத்தினரை இழந்த தமிழ்ப் பெண்கள் பலர் இந்நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர். பணியை நிறைவு செய்ய 2028 ஜூன் 1 வரை அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

சுருங்கும் படை, எஞ்சும் கேள்வி

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அறிவித்தது. அதைத் தொடர்ந்து ராணுவச் செலவு குறித்த கேள்விகள் வலுத்தன. 2,00,783 என்றிருந்த ராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை 2024-க்குள் 1,35,000 ஆகவும், 2030-க்குள் 1,00,000 ஆகவும் குறைக்கும் திட்டத்தை 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு வெளியிட்டது. படை சுருங்கும்போது, அதற்கென வாங்கிய கனரக ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆட்களும் பணமும் குறையும். டாங்கிகளும் பல்குழல் ராக்கெட் செலுத்திகளும் பொதுமக்களின் கண்ணில் படுவது பெரும்பாலும் அணிவகுப்புகளில்தான்.

ஆயினும், அதே கனரக ஆயுதங்கள் குறித்த கேள்வி இன்னும் முடிவுறவில்லை. அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி-மூன் அமைத்த நிபுணர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை உயிரிழந்திருக்கக் கூடும் என்றது. பொதுமக்கள் தஞ்சம் புகுந்த போர் தவிர்ப்பு வலயங்கள் மீது பீரங்கிகளும் பல்குழல் ராக்கெட்டுகளும் பயன்படுத்தப்பட்டதாக அது குறிப்பிட்டது. பொதுமக்களைப் புலிகள் மனிதக் கேடயங்களாகப் பயன்படுத்தியதாகவும் அதே அறிக்கை குற்றஞ்சாட்டியது. இலங்கை அரசு அறிக்கையை நிராகரித்தது.

இக்குற்றச்சாட்டுகள் அமைதிப் பணியையும் பாதித்தன. இறுதிப் போரில் 58-ஆவது டிவிஷனை வழிநடத்திய சவேந்திர சில்வா 2019 ஆகஸ்டில் ராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டதும், தவிர்க்க இயலாத பணிகள் நீங்கலாக, இலங்கை ராணுவத்தினரைப் புதிதாக அமைதிப் பணியில் சேர்ப்பதை ஐ.நா. நிறுத்தி வைத்தது. முன்னதாக 2007-இல், ஹைட்டியில் பணியாற்றிய 100-க்கும் மேற்பட்ட இலங்கை வீரர்கள் பாலியல் குற்றச்சாட்டின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர்.

புனேயின் பங்கு

இலங்கை விவகாரத்தில் புனேக்குப் பழைய தொடர்பு உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் செயல்பட்ட இந்திய அமைதிப்படையை வழிநடத்திய தெற்குக் கட்டளையகத்தின் தலைமையகம் புனேயில்தான் உள்ளது. அந்த நடவடிக்கையில் இந்தியா சுமார் 1,200 வீரர்களை இழந்தது.

கண்ணிவெடித் தடுப்புத் தொழில்நுட்பத்திலும் இந்நகரம் முக்கிய இடம் வகிக்கிறது. வெடிகுண்டுகளைத் தொலைவிலிருந்து இயக்கிச் செயலிழக்கச் செய்யும் 'தக்ஷ்' ரோபோ வாகனம், புனேயின் டிகி பகுதியிலுள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகத்தில் உருவானது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் ஃபோர்ஜ் நிறுவனத்தின் 'கல்யாணி எம்-4' கவச வாகனத்துக்கு 2021 பிப்ரவரியில் சுமார் 178 கோடி ரூபாய்க்குக் கொள்முதல் ஆணை கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் பாராமவுண்ட் நிறுவன வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட வாகனம் இது. 1980-களில் இலங்கை எந்த நாட்டின் அனுபவத்தை நாடியதோ, அதே நாட்டின் அனுபவத்தையே இந்தியாவும் இவ்வகையில் பயன்படுத்தியுள்ளது.

இலங்கைப் படையினருக்கு இந்தியாவில் பயிற்சி அளிப்பதற்குத் தமிழ்நாட்டில் தொடர்ந்து எதிர்ப்பு இருந்து வந்துள்ளது. 2012-இல் தாம்பரம் விமானப்படை நிலையத்தில் பயிற்சி பெற்ற இலங்கை விமானப்படையினர், எதிர்ப்பைத் தொடர்ந்து பெங்களூருவின் எலஹங்காவுக்கு மாற்றப்பட்டனர். 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு நவம்பரில் 'மித்ர சக்தி' பயிற்சி கர்நாடகத்தின் பெலகாவியில் நடைபெற்றது.

இனி வரும் ஆண்டுகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 2028-க்குள் வட மாகாண நிலங்கள் கண்ணிவெடியற்றவையாக மக்களிடம் திரும்புமா என்பது. மற்றொன்று, 2030-க்குள் ராணுவம் அறிவித்தபடி பாதியாகக் குறையுமா என்பது. போர்க்காலத் தளவாடங்களில் எவை நீடிக்கும், எவை விலகும் என்பதற்கான விடை இவற்றைப் பொறுத்தே அமையும். அவை பயன்படுத்தப்பட்ட விதம் குறித்த பொறுப்புக்கூறல் கேள்விக்கு மட்டும் இதுவரை எந்தக் காலக்கெடுவும் இல்லை.