கடல் காணா ஊரின் துறைமுகக் கணக்கு

சங்கரன்கோவிலில் நின்று எத்திசை நோக்கினும் கடல் தெரியாது. மேற்கே மலைத்தொடர்; சுற்றிலும் கரிசலும் செம்மண்ணும்; ஊருக்குள் விசைத்தறிகளின் ஓயாத ஓசை. தூத்துக்குடித் துறைமுகமோ ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே, "துறைமுகத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று இவ்வூரார் கேட்பின் அதில் வியப்பில்லை.

ஆயினும், ஒரு துறைமுகத்தின் உண்மையான பயனை அறிய விரும்புவோர், அதன் கரையில் நின்று கப்பல்களை எண்ணினால் மட்டும் போதாது. உள்நாட்டு ஊரொன்றின் தறிக்கூடத்திலும் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். திருமறையின் அல்பகறா அத்தியாயம் 164ஆம் வசனம், கடலில் செல்லும் கப்பலையும் சிந்திப்போருக்குரிய சான்றுகளின் வரிசையில் வைக்கிறது. மனிதர்க்கு அது தரும் பயனோடு இணைத்தே அதனைக் குறிப்பிடுகிறது. அப்பயன் யாருக்கு, எவ்வளவு சென்று சேர்கிறது என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

காயல் கற்பித்த பாடம்

கடல் வாணிபம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. மரக்காயர் என்னும் பெயரே மரக்கலத்தோடு தொடர்புடையது என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறையின் செழிப்பை வியந்து எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்ததாகவும், ஒவ்வொன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் குறித்துள்ளார். வழியில் மாண்ட குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம்! கணக்கிட்டால் ஆண்டுக்கு 3 லட்சத்து 8 ஆயிரம் தினார் கடல் கடந்து சென்றிருக்கிறது. துறை செழித்தது; வணிகர் வளம் பெற்றனர்; ஆனால் இழப்பின் சுமை முழுவதும் வாங்கியவர் தலையில் விழுந்தது. துறைமுகத்தின் ஆரவாரத்தை மட்டும் கண்டவர்க்கு இந்த இரண்டாம் பக்கம் புலப்பட்டிராது.

பின்னர் ஆற்று வண்டல் படிந்து கடல் விலகியது. முன்பு கொற்கைக்கு நேர்ந்ததே காயலுக்கும் நேர்ந்தது. வாணிபம் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தது.

பஞ்சும் கப்பலும்

1876ஆம் ஆண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் ஓடத் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமைக் கரிசலில் விளைந்த பஞ்சு இத்துறை வழியே அயல்நாட்டு ஆலைகளுக்குச் சென்றது. அதற்கு முன்பே, 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டபோது, நம் பஞ்சுக்கு விலை வெகுவாக ஏறியது. போர் முடிந்ததும் அவ்விலை சரிந்தது. கடல் காணாத கரிசல் உழவனின் வாழ்வை எங்கோ நடந்த போர் உயர்த்தியது, பின் தாழ்த்தியது. இதற்கு வாயிலாக நின்றது துறைமுகம்.

கப்பல் யாருடையது என்பதும் முக்கியமானதே. இதனை நன்குணர்ந்தவர் வ.உ.சிதம்பரனார். 1906இல் அவர் தோற்றுவித்த சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு ஏற்றவர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் அவர்கள். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! ஆங்கிலக் கம்பெனி பயணக் கட்டணத்தை அடியோடு குறைத்துப் போட்டியிட்டது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. எனினும், கப்பல் கூலி பிறர் கையில் இருக்கும் வரை வாணிப இலாபமும் பிறர் கையில்தான் இருக்கும் என்ற உண்மையை அம்முயற்சி நாட்டுக்கு உணர்த்தியது. 2011 முதல் அத்துறைமுகம் அப்பெருமகனாரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

தறிக்கூடத்தில் துறைமுகம்

இனி இன்றைய சங்கரன்கோவிலுக்கு வருவோம். இங்கு நெய்யப்படும் பருத்திச் சேலைகளில் பெரும்பகுதி உள்நாட்டுச் சந்தைக்கே செல்கின்றன. அப்படியாயின் கப்பலுக்கு இங்கே என்ன வேலை?

முதலாவது, தறியை ஓட்டும் மின்சாரம். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் அங்கே அமைக்கப்பட்டன. அதற்குரிய நிலக்கரி கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்து இறங்குவதாகும். மின்தொகுப்பில் பல நிலையங்களின் மின்சாரம் கலந்தே வருகிறது என்றாலும், தறியின் விசையில் ஒரு பங்கு கடல் வழியே வந்தது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, நூல். தமிழகத்து நூற்பாலைகள் உள்நாட்டுப் பஞ்சோடு அயல்நாட்டுப் பஞ்சையும் வாங்குகின்றன. அதில் ஒரு பகுதி தூத்துக்குடியில் இறங்குகிறது. 2021இல் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2022இல் சில மாதங்களும், 2025 ஆகஸ்டு முதல் டிசம்பர் முடியவும் அது விலக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்கள் நூல் விலையில் எதிரொலிக்கக் கூடியவை. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். தறி நின்றால் நெய்பவர்க்கும் கூலியில்லை. வீட்டிலிருந்து தார் சுற்றித் தரும் தாய்மாருக்கும் கூலியில்லை.

டன் கணக்கு போதாது

துறைமுகத்தின் பொருளாதாரத் தாக்கத்தை ஆராய்வோர் அதனை மூன்றாகப் பகுப்பர். துறைமுகத்திலேயே பணிபுரியும் சுமைத் தொழிலாளர், மாலுமிகள், சுங்க முகவர்கள் ஆகியோரின் வருவாய் நேரடிப் பயன். லாரி, கிடங்கு, காப்பீடு, மூட்டை கட்டுதல் முதலியவற்றால் வருவது மறைமுகப் பயன். இவர்கள் தம் வருவாயைச் செலவிடும்போது கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கிடைப்பது தொடர் பயன். சரக்கேற்றி வந்த லாரி ஓட்டுநர் சங்கரன்கோவிலில் இறங்கிப் பிரியாணி உண்டால், அந்தக் காசும் துறைமுகக் கணக்கில் ஒரு துளியே!

ஆனால் இக்கணக்கில் வழுக்கும் இடங்கள் உண்டு. தூத்துக்குடித் துறைமுகம் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. எடையைக் கொண்டு பெருமை பேசுவது எளிது. எனினும், ஒரு டன் நிலக்கரியும் ஒரு டன் ஆடையும் தராசில் சமமாயினும் வாழ்வில் சமமல்ல. நிலக்கரி இயந்திரப் பட்டையில் ஏறிச் சில கைகளோடு நகர்ந்துவிடும். ஆடையிலோ நூற்பவர், சாயமிடுவோர், பாவு ஓட்டுவோர், நெய்பவர், தைப்பவர் எனப் பலரின் உழைப்பு அடங்கியுள்ளது. ஆகவே எடை எவ்வளவு என்பதோடு, எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

வேறொரு வழுக்கலும் உண்டு. கொச்சிக்குச் சென்ற சரக்கு தூத்துக்குடிக்கு மாறினால் தூத்துக்குடிக்கு வளர்ச்சி. நாட்டுக்கு அது புதிய செல்வமன்று. மேலும், கரையோர மீனவர் இழந்த மீன்பிடித் தளமும், காற்றில் கலக்கும் கரித்தூளும் செலவுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை. வரவை மட்டும் எழுதி இழப்பை மறைப்பது அளவையில் குறை செய்வதாகும். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே திருமறையில் ஓர் அத்தியாயம் உண்டு என்பதை நாம் அறிவோம்.

கொழும்பு வழிச் செலவு

1956 ஏப்ரலில் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டிகளில் சரக்கை அடைத்துக் கப்பலேற்றினார். மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் வேலை அதனால் குறைந்தது. கப்பல்கள் மிகப் பெரிதாயின. பெரிய கப்பலுக்கு ஆழமான துறை வேண்டும். எனவே தூத்துக்குடிப் பெட்டிகளில் பல, சிறு கப்பலில் கொழும்புக்குச் சென்று அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. இவ்வாறு மாற்றி ஏற்றப்படும் இந்தியச் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைகளிலேயே கையாளப்பட்டு வந்தது. அந்த ஏற்றுகூலியும் இறக்குகூலியும் நம் நாட்டுக்கு வெளியே சென்றன. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகம் இந்நிலையை மாற்றும் நோக்குடன் எழுந்ததே.

2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து நாள்களுக்கும் மேல் நீண்டது, கூலி உயர்ந்தது. அன்று அமெரிக்கப் போர், இன்று செங்கடல். கடல் வழியில் நேரும் இடர் உள்நாட்டுத் தொழிலைத் தொடுவது மாறவில்லை.

நம் பிள்ளைகள் செய்யத்தக்கது

நம்மவர்களில் பலர் துபாய் சென்று உழைக்கின்றனர். அங்கே ஜெபல் அலி துறைமுகம் 1979இல் திறக்கப்பட்டது. 1985இல் அதனையொட்டித் தடையற்ற வணிக மண்டலம் அமைந்தது. துறையும் தொழிலும் கிடங்கும் ஓரிடத்தில் இணைந்ததாலேயே அங்கு செல்வம் தங்கியது. துறைமுகத்தைக் கட்டினால் மட்டும் வளம் வந்துவிடாது. அதன் பின்னால் உள்ள ஊர்கள் அதனோடு இணைய வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வணிகவியலும் பொருளியலும் பயிலும் நம் மாணவ மாணவியர் ஒரு முயற்சி செய்யலாம். ஒரே ஒரு சேலையை எடுத்துக்கொள்ளட்டும். அதன் நூல் எந்த ஆலையிலிருந்து வந்தது? அந்த ஆலையின் பஞ்சு எங்கே விளைந்தது? சாயம் எவ்வழி வந்தது? லாரி வாடகை எவ்வளவு? விற்பனை விலையில் நெய்தவர்க்கும் தார் சுற்றியவர்க்கும் கிடைத்தது எத்தனை ரூபாய்? ஓராண்டு மாதந்தோறும் இதனைக் குறித்து வந்தால், கப்பல் கூலியும் வரியும் மாறும்போது யார் தாங்குகிறார், யார் இலாபம் பெறுகிறார் என்பது தாமே வெளிப்படும். பெருஞ்செலவு தேவையில்லை, ஒரு குறிப்பேடும் பொறுமையும் உண்மையும் போதும்.

உயர்கல்வியிலும் கவனம் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008இல் இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுள்ளது. துறைமுக மேலாண்மையும் கப்பல் வணிகமும் பயின்று வருவோர்க்கு வாய்ப்புகள் உண்டு. மரக்கலம் செலுத்திய மரபினர், பிறர் கப்பலில் ஏறிக் கூலிக்குச் செல்வதோடு நின்றுவிடலாகாது.

கணக்கறிந்த சமுதாயமே தன் பங்கைக் கேட்டுப் பெற இயலும். சாலை வேண்டுமா, கிடங்கு வேண்டுமா, சரக்கு இரயில் வேண்டுமா, நியாயமான கூலி வேண்டுமா என்று அரசிடமும் வணிகரிடமும் எடுத்துரைக்கச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தொகுக்கும் பணியைக் கடல் காணாத ஊரிலிருந்தே தொடங்கலாம். உழைப்பவர் கைக்கு உரியது சேர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!