சீக்ரெட் சாண்டா முதல் பொங்கல் வரை: கையால் செய்யும் பரிசுக்கு ஒரு காஸ்ட் ஷீட்

டிசம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து பொங்கல் முடியும் வரை, மாதச் சம்பளக்காரர்களின் ஜிபே ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தால் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஆபீஸ் சீக்ரெட் சாண்டாவுக்கு 500. டீம் லீட் வேலை மாறிப் போகிறார், கலெக்‌ஷன் 300. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குத் திரும்ப ஏதாவது, 600. நியூ இயருக்கு ஃப்ரெண்ட்ஸ் கேங்கில் கிஃப்ட் மாத்திக்கிறது, 2,500. ஊருக்குப் போகும்போது அக்கா பிள்ளைகளுக்குப் பொம்மை 2,000, அம்மா அப்பாவுக்குத் துணி 5,000, சித்தி வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் ஸ்வீட் பாக்ஸ் 1,100. கூட்டிப் பாருங்க. மொத்தம் 12,000 ரூபாய்.

தீபாவளிக்காவது போனஸ்னு ஒண்ணு வரும். இந்த சீசனுக்கு அதுவும் கிடையாது. போதாக்குறைக்கு ஜனவரியில் ஹெச்.ஆர். இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் கேட்பாங்க. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் டிக்ளேர் பண்ணினதுக்கு ப்ரூஃப் கொடுக்கலைன்னா, மார்ச் வரை டி.டி.எஸ். ஏறும், கைக்கு வர்ற சம்பளம் இறங்கும். அதனால் அந்த 12,000 பெரும்பாலும் கிரெடிட் கார்டில்தான் போய் உட்காரும்.

அங்கே என்ன நடக்குதுன்னு ஒரு சின்னக் கணக்கு. பில் 12,000. மினிமம் டியூ 5 சதவீதம்னு வைங்க, 600 கட்டுறீங்க. பாக்கி 11,400. மாதம் 3.5 சதவீத வட்டி 399 ரூபாய். வட்டிக்கு மேல 18 சதவீத ஜி.எஸ்.டி., சுமார் 72. ஆக 471. நீங்க கட்டின 600-ல் கடன் நிஜமாகக் குறைஞ்சது 129 ரூபாய். இதுவும் குறைச்சலான கணக்குதான். பாக்கி வைத்தால் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி போடுவாங்க, அடுத்து வாங்குற பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. சீக்ரெட் சாண்டாவில் கொடுத்த காபி மக் உடைஞ்ச பிறகும் அதுக்கு வட்டி ஓடிக்கிட்டு இருக்கும்.

"அப்போ பரிசே கொடுக்கக் கூடாதா சார்?" கொடுக்கணும். கையால் செய்து கொடுக்கலாம். ஆனா "வீட்டிலேயே செஞ்சா மலிவு" என்பது பாதி உண்மைதான், அந்த மீதிப் பாதியை முதலில் பேசிடுவோம்.

ரெசின் கீசெயினை எடுத்துக்கோங்க. ரீல்ஸ்ல பார்க்க அவ்வளவு அழகு. ரெசின், ஹார்டனர், சிலிக்கான் மோல்டு, கலர், கிளவுஸ்னு கார்ட்டில் போட ஆரம்பித்தால் ஆயிரத்தை சுலபமாகத் தாண்டும். ஒரே ஒரு கீசெயின் செய்தால் அதன் அடக்கவிலை அந்த ஆயிரம்தான். மீதி ரெசின் அலமாரியில் கிடக்கும். எங்க பாஷையில் இது டெட் ஸ்டாக். காற்றோட்டம் இல்லாத பி.ஜி. ரூமில் ரெசின் கலக்குவது உடம்புக்கும் நல்லதில்லை. வாசனை மெழுகுவர்த்தி, க்ரோஷே எல்லாத்துக்கும் இதே கதைதான். ஏற்கெனவே அது உங்க பொழுதுபோக்காக இருந்தால் தாராளமா செய்யுங்க. ஒரு பரிசுக்காக மட்டும் புதுசா ஒரு கருவியோ கிட்டோ வாங்கவே வாங்காதீங்க. நான் கறாரா சொல்ற ஒரே விதி இதுதான்.

உங்க உழைப்புக்கு விலை போடணுமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். கைக்கு 38,000 வாங்குறவர் மாதம் 200 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் 190 ரூபாய். ஆனால் அந்த நேரத்தில் வேறு எதையாவது செய்து நிஜமாகவே சம்பாதித்திருப்பீர்கள் என்றால்தான் அது செலவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்கிற நேரத்துக்கு அடக்கவிலை பூஜ்ஜியம்.

சரி, எதெல்லாம் ஒர்க் அவுட் ஆகும்?

சீக்ரெட் சாண்டாவுக்கு என் ஓட்டு பருப்புப்பொடிக்கு. சிரிக்காதீங்க. பி.ஜி. சாப்பாட்டில் வாழ்கிற ஒருத்தருக்கு இன்னொரு காபி மக்கை விட இது ஆயிரம் மடங்கு மேல். கால் கிலோ துவரம்பருப்பு, 100 கிராம் பொட்டுக்கடலை, பத்துப் பன்னிரண்டு காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் மிளகு, கொஞ்சம் சீரகம், பெருங்காயம், உப்பு. துவரம்பருப்பை எண்ணெய் விடாமல் சின்னத் தீயில் பொன்னிறமா வறுக்கணும். மத்ததையும் சூடு காட்டி எடுத்து, நல்லா ஆறின பிறகு மிக்ஸியில் அரைக்கணும். சூட்டோடு அரைத்தால் ஈரம் கோத்துக்கும், பொடி சீக்கிரம் கெடும். பூண்டு போட்டால் வாசனை தூக்கும்தான், ஆனா நாள் தாங்காது. பரிசுக்கு வேண்டாம். எங்க ஏரியா மளிகைக்கடை விலையில் பொருள் எல்லாம் சேர்ந்து 80 ரூபாய் சுமார், இரண்டு சின்ன கண்ணாடி ஜார் 70. ஆக இரண்டு பேருக்கான பரிசு 150 ரூபாய்க்குள் முடிந்தது. அரைத்த தேதி, என்னென்ன சேர்த்திருக்கு, ஈரக் கரண்டி போடக் கூடாது, இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஜாரில் கட்டுங்க. வடநாட்டு கலீகாக இருந்தால் "சூடான சோறு, மேலே ஒரு ஸ்பூன் நெய்" என்பதையும் சேர்த்து எழுதணும். இல்லைன்னா சாம்பார் பொடின்னு நினைத்துக் குழம்பில் கொட்டிடுவாங்க.

அடுத்து சுருக்குப்பை. உங்க வீட்டு பீரோவில் தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துண்டு ஒரு கட்டு கட்டாயம் இருக்கும். யாரும் தைக்கிறதும் இல்லை, தூக்கிப் போடறதும் இல்லை. ஒரு கல்யாணத்திலிருந்து இன்னொரு வளைகாப்புக்கு என்று ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு 80 சென்டிமீட்டர் துண்டில் நாலு பையாவது வரும். தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தாலும் பை ஒன்றுக்கு முப்பது, நாற்பதுதான் கேட்பார். பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைதான் நம்ம ஊரோட முதல் சிங்கிங் ஃபண்ட். வெற்றிலைக்குத் தனி மடிப்பு, பேரப்பிள்ளைக்குத் தனி மடிப்பு! அக்கா பிள்ளைகளுக்கு அந்தப் பையில் புது நாணயங்களைப் போட்டுக் கொடுங்க. குழந்தைக்குச் சத்தம் வரும் பணம் பிடிக்கும்.

பொங்கல் வாழ்த்து அட்டை ஞாபகம் இருக்கா? உங்களில் பலர் பார்த்தே இருக்க மாட்டீங்க. எண்பது, தொண்ணூறுகளில் மார்கழி பிறந்தாலே கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். கரும்பு, பானை, காளை, கூடவே ரஜினி, கமல். இன்னைக்கு அந்த இடத்தில் வாட்ஸ்அப் ஃபார்வர்டு. ஆனால் போஸ்ட் ஆபீஸில் போஸ்ட் கார்டு இன்னும் 50 பைசாதான். இருபது பேருக்கு 10 ரூபாய்! ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, வெட்டின முகத்தில் சூரியனையோ பானையையோ செதுக்குங்க. போஸ்டர் கலரைப் பிரஷ்ஷால் மெல்லிசா தடவி அச்சு வைங்க. எழுத்துச் செதுக்கப் போகாதீங்க, அச்சில் இடவலம் மாறி விழும். அச்சுக்குக் கீழே இரண்டே வரி, உங்க கையெழுத்தில். கார்டு போஸ்ட்மேன் முதல் பக்கத்து வீடு வரை எல்லாரும் படிக்கிற விஷயம் என்பதால் இன்க்ரிமென்ட் சமாச்சாரம் எல்லாம் அதில் வேண்டாம்.

இதுவரை சொன்னது எல்லாம் லைட்டான ஐட்டம். அம்மா அப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லி நான் வற்புறுத்துவது ஒரு நோட்டுப்புத்தகம்.

போன வருஷம் ஒரு அண்ணன் தங்கை என்னைப் பார்க்க வந்தார்கள். அப்பா தவறி மூணு மாதம். ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த காகிதங்கள் ஒரு ஜவுளிக்கடைப் பை நிறைய. அதில் மெச்சூர் ஆகி ரொம்ப வருஷமான ஒரு எஃப்.டி. ரசீது, பிரீமியம் கட்டினதுக்கான துண்டுச் சீட்டுகள், ஆனால் பாலிசி இல்லை. ஒரு பாஸ்புக்கில் நாமினி பெயர் அவர்களுடைய பாட்டி. பாட்டி இறந்தே பல வருஷம் ஆகிவிட்டது. "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்" என்று அந்தத் தங்கை சொன்னார். உயிரோடு இருக்கும்போது கேட்டால் "நான் எப்போ போவேன்னு பார்க்கிறியா?" என்று அப்பா நினைத்துவிடுவாரோ என்ற பயம்தான் இரண்டு பேரையும் தடுத்திருக்கிறது. அந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால்தான் இதைப் பரிசாகக் கொடுக்கச் சொல்கிறேன்.

செய்முறை சுலபம். 12 ஏ4 தாளை நடுவில் மடித்தால் 48 பக்கம். பழைய காலண்டர் அட்டையை வெளியே வைத்து, அம்மாவின் கிழிந்துபோன பட்டுப்புடவையின் ஒரு துண்டை அதன் மேல் ஃபெவிகாலால் ஒட்டுங்க. மடிப்புக் கோட்டில் மூன்று துளை, ஒன்று நடுவில், மற்ற இரண்டும் அதற்கு மேலும் கீழும் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி. கோணி ஊசியில் தடித்த நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியா வெளியே போய், மேல் துளை வழியா உள்ளே வந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியா வெளியே போய், மறுபடி நடுத்துளை வழியா உள்ளே வரணும். இரண்டு நுனியையும் நடுவே ஓடும் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் முடிந்தது. செலவு ஐம்பது ரூபாய் கூட ஆகாது.

பக்கங்களை நீங்க பிரித்துக் கொடுங்க, எழுதுவது அப்பாவோ அம்மாவோ இருக்கட்டும். பேங்க் கணக்குகள், கிளை, நாமினி யார். இன்ஷூரன்ஸ் பாலிசி எண். போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு. நகை எங்கே இருக்கு, அடகில் எது இருக்கு. பத்திரங்கள். யாருக்குக் கொடுக்கணும், யார்கிட்ட வரணும். பின் நம்பர், பாஸ்வேர்டு மட்டும் எழுதவே கூடாது. கையில் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் உங்க சொந்த விவரத்தை நீங்க முதலில் எழுதிக் கொடுங்க. உங்க பி.எஃப்., ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ், உங்க நாமினி. "என்னுது இதுப்பா, உங்களோடதும் எழுதுங்க" என்றால் யாருக்கும் தப்பாத் தோணாது.

எழுதும்போது பழைய கணக்கு ஏதாவது ஞாபகம் வந்தால் விட்டுடாதீங்க. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் உரிமை போகாது, வங்கியில் கிளெய்ம் பண்ணலாம். தேடுவதற்கு ரிசர்வ் வங்கியின் உத்கம் என்ற இணையதளம் 2023-லிருந்து இருக்கு. நாமினி விஷயத்திலும் 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம். பொங்கல் லீவு முடிந்து பேங்க் திறந்ததும் பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு அப்பாவோடு நீங்களும் போயிட்டு வாங்க.

கையால் செய்தது எல்லா இடத்திலும் சரிவராது. வேலை போன நண்பனுக்குப் பொடி ஜார் கொடுக்காதீங்க, கவரில் பணம் வைங்க. வருஷம் முழுக்க ஒரே ஒரு புதுச் சட்டைக்காகக் காத்திருக்கும் தம்பிக்கு போஸ்ட் கார்டு கொடுத்தால் அதுக்குப் பேர் கஞ்சத்தனம். கிளையன்ட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னாடி கம்பெனியின் கிஃப்ட் பாலிசியைப் பாருங்க.

வரி பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமா, 2025-26 நிதியாண்டுக்கு. கம்பெனி பொருளாகவோ வவுச்சராகவோ தரும் பரிசு வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை. பணமா கொடுத்தால் முதல் ரூபாயிலிருந்தே அது சம்பளம். நண்பர்களிடமிருந்து வருஷத்தில் வந்த பணம் மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி, தாண்டின பகுதிக்கு மட்டும் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி கொடுப்பதற்கு வரம்பு கிடையாது. ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு அம்மாவும் வரி கட்ட வேண்டாம், நீங்களும் அதைக் கழித்துக் காட்ட முடியாது.

கடைசியா அனுப்புற விஷயம். பொடியை வெளியூருக்கு அனுப்பினால் கண்ணாடி ஜார் வேண்டாம், இரட்டை ஜிப் கவரில் போட்டு, சந்தையில் கிடைக்கும் பனை ஓலைப் பெட்டிக்குள் வைங்க. நசுங்காது, பெட்டியை அவங்க அப்புறம் வெங்காயம் போட்டு வைக்கவும் வைத்துக்கலாம். 2025-லிருந்து ரெஜிஸ்டர்டு போஸ்ட் தனியா கிடையாது, ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துட்டாங்க, கவுன்ட்டரில் அதையே கேளுங்க. போஸ்ட் கார்டுகளைப் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடியே பெட்டியில் போட்டுடுங்க. ஒரு விஷயம், சின்ன போஸ்ட் ஆபீஸ்களில் சில நாள் கார்டு ஸ்டாக் இருக்காது. சனிக்கிழமை காலையிலேயே போய்க் கேட்டு வாங்கி வைத்துக்கோங்க.