விண்ணப்பத்தில் ஒட்டாத புகைப்படம்

புளியந்தோப்பில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் பேசினால் காவலர் தேர்வு, ரயில்வே, குரூப் 4 என்றுதான் பேச்சு ஓடும். அண்மையில் ஒரு கல்லூரி மாணவி வேறு மாதிரி கேட்டார். “விமானப் படையில பைலட்டா சேர்ந்தா 14 வருஷம்தானாமே தோழர், அதுக்கப்புறம் எங்க போறது?”

சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்விதான். குறுகியகாலப் பணியில் சேரும் விமானி 14 ஆண்டுகள் முடிந்ததும் வெளியே வருகிறார். அப்போது வயது 37, 38 இருக்கும். மாத ஓய்வூதியம் கிடையாது. கையில் இருப்பது பறந்த நேரம். ஆனால் அது பெரிய சொத்து. வணிக விமானி உரிமம் பெறத் தனியார் பயிற்சிப் பள்ளிக்குப் போனால் அரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். நம் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது அந்தப் பணம்? படையிலோ அரசுச் செலவிலேயே பறக்கக் கற்றுத் தருகிறார்கள். அங்கே பறந்த நேரத்தைக் காட்டி, டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில் தேறினால் சிவில் உரிமம் வாங்கலாம். கேப்டனுக்கான உயர் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் எந்த நிறுவனம் என்ற கேள்வி. ஏடிஆர் போன்ற, எழுபது பேர் அமரும் சிறிய விமானங்களை ஓட்டும் வட்டார நிறுவனங்கள் படையிலிருந்து வருபவர்களுக்கு இயல்பான இடம். ஏஎன்-32 ஓட்டியவருக்கு ஏடிஆர் அந்நியமாக இருக்காது. இரண்டுமே இரட்டை எஞ்சின் கொண்ட, காற்றாடி சுழலும் விமானங்கள். பயணத் தூரமும் குறைவு.

ஆனால் வட்டார நிறுவனங்களின் ஆயுள் குறைவு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னையின் என்இபிசி 1990களிலேயே படுத்துவிட்டது. பாரமவுண்ட் 2005இல் பறக்கத் தொடங்கி 2010இல் நின்றது. கோவையின் ஏர் கார்னிவல் ஓராண்டைக்கூட ஒழுங்காகத் தாண்டவில்லை. உடான் திட்டத்தில் 2018இல் சேலத்துக்கு வந்த ட்ரூஜெட்டும் இன்று இல்லை. நிறுவனம் மூடினால் விமானி அடுத்த இடத்தில் சீனியாரிட்டியின் கடைசி வரிசையில் போய் நிற்க வேண்டும். எந்த விமானம், எப்போது கேப்டன் பதவி, எந்த நாளில் விடுப்பு என எல்லாமே அந்த வரிசையைப் பொறுத்தவை.

நம் பிள்ளைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நிறுவனம் யாருடையது? ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவின் கைக்குப் போனது. அதன் துணை நிறுவனமாக இருந்த அலையன்ஸ் ஏர் விற்கப்படாமல் அரசிடமே தங்கியது. அரசு நிறுவனத்தை இடஒதுக்கீடு கட்டுப்படுத்தும். தனியாருக்கு அது இல்லை. அரசமைப்பின் 16ஆம் பிரிவு பேசுவது அரசுப் பணியைப் பற்றி மட்டுமே. விமான நிறுவனம் விற்கப்படும்போது விமானங்களோடு சேர்ந்து இதுவும் போய்விடுகிறது. செய்திகளில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

திறமை இருந்தால் தனியாரில் யார் தடுக்கப்போகிறார்கள் என்பார்கள். மார்லன் கிரீன் கதையை அவர்களுக்குச் சொல்லலாம். அமெரிக்க விமானப் படையில் பல எஞ்சின் விமானங்களை 3,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய கறுப்பினத்தவர். 1957இல் படையை விட்டு வெளியே வந்து பல நிறுவனங்களுக்கு எழுதிப் போட்டார். டென்வரில் இயங்கிய கான்டினென்டலுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இனத்தைக் கேட்ட கட்டத்தை நிரப்பவில்லை, புகைப்படமும் ஒட்டவில்லை. பறந்து காட்ட அழைப்பு வந்தது. பறந்து காட்டினார். வேலை, அவரைவிடக் குறைவாகப் பறந்த வெள்ளையர்களுக்குப் போனது.

கொலராடோ மாநிலத்தில் தனியாரையும் கட்டுப்படுத்தும் பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டம் இருந்தது. கிரீன் அந்த ஆணையத்தில் முறையிட்டார். மாநிலம் கடந்து பறக்கும் எங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று நிறுவனம் வாதாடியது. 1963 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒருமனதாகத் தள்ளியது. கிரீன் வேலையில் சேர்ந்தது 1965இல். நல்ல வயதில் எட்டு ஆண்டுகள் வீண்.

இதற்கு முன்பே, 1956இல், நியூயார்க் விமான நிலையங்களுக்கிடையே ஹெலிகாப்டர் ஓட்டிய நியூயார்க் ஏர்வேஸ் என்ற சிறு நிறுவனம் பெர்ரி யங் என்ற கறுப்பின விமானியை எடுத்துக்கொண்டது. டஸ்கீகியில் படைக்கு விமானிகளைப் பயிற்றுவித்தவர் அவர். பெரிய நிறுவனங்கள் மூடி வைத்திருந்த கதவை அவருக்குத் திறந்தது ஒரு வட்டார நிறுவனம்தான்.

நம் ஊரில் புகைப்படம்கூட வேண்டாம். “எந்த ஏரியா?” என்று கேட்டால் போதும். புளியந்தோப்பு, வியாசர்பாடி என்றதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்காத பிள்ளை இங்கே குறைவு.

அந்த மாணவிக்குச் சொன்னதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். விமானப் படை அதிகாரித் தேர்வில் இடஒதுக்கீடு கிடையாது. ஏஎஃப்கேட் தேர்வு ஆண்டுக்கு 2 முறை நடக்கும். பறக்கும் பிரிவுக்குப் பட்டப்படிப்போடு பிளஸ் 2வில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள், பிளஸ் 1 சேர்க்கையின்போதே எந்தப் பிரிவு என்று பள்ளியில் பேசிவிடுங்கள்.