காற்றுக் கைத்துப்பாக்கி: தேர்வும் பராமரிப்பும்

2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டோக்கியோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயத்தில், 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியின் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கருவி பழுதுற்றது. அதைச் சீர்செய்வதில் பல நிமிடங்கள் கழிந்தன. 60 குண்டுகளின் முடிவில் அவர் 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றை எட்ட இரண்டே புள்ளிகள் குறைந்தன. 2024-இல் பாரிஸ் நகரில் அவரே இப்போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் போட்டியிலும் மற்றொரு வெண்கலம் வென்றார். திறமையும் பயிற்சியும் எவ்வளவு இருப்பினும், கருவி பிழைபடாதிருத்தலும் வெற்றிக்கு இன்றியமையாதது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்குவோர் உணர்வர். ஆகவே, இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பேணும் முறையையும் ஈண்டுக் காண்போம்.

இப்போட்டி 1988-இல் சியோல் நகரில் ஒலிம்பிக் பந்தயங்களில் முதன்முதலாக இடம்பெற்றது. சுடுவோர் ஒரு கையால் மட்டுமே கருவியைப் பிடித்து, 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி, 75 நிமிடங்களுக்குள் 60 குண்டுகளைச் சுடுதல் வேண்டும். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தானின் அளவே. அடுத்தடுத்த வட்டங்கள் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் தள்ளி அமைந்துள்ளன. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அது வட்டத்தின் கோட்டைத் தொட்டாலும் உயர்ந்த புள்ளியே கிடைக்கும்.

கருவிக்குரிய விதிகளை முதலில் அறிந்துகொள்ளல் நலம். கைத்துப்பாக்கியின் எடை 1500 கிராமுக்கு மிகலாகாது. அது 420 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். விசையை இழுப்பதற்குத் தேவையான பளு 500 கிராமுக்குக் குறையலாகாது. கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கும் வண்ணம் அமைதல் கூடாது. உருப்பெருக்கும் கண்ணாடிகளைக் குறிபார்க்கும் அமைப்பில் பொருத்துதலும் விலக்கப்பட்டுள்ளது.

தேர்வு செய்யும்போது பெரும்பாலோர் விலையையும் குழலின் வேலைப்பாட்டையுமே நோக்குகின்றனர். உண்மையில் முதலிடம் பெற வேண்டியது கைப்பிடியே. இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 330 மில்லிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். கை முழுவதும் பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் நகர்ந்து, இரு குறிகளும் ஒழுங்காகவே இருக்குமாயின், குண்டும் 5 மில்லிமீட்டரே விலகும். பத்துப் புள்ளிக்குக் குறைவில்லை. ஆனால் மணிக்கட்டுத் திரும்பி, முன் குறி பின் குறியின் பிளவில் அரை மில்லிமீட்டர் மட்டும் ஒதுங்கினால், 10 மீட்டர் தொலைவில் அப்பிழை 15 மில்லிமீட்டராகப் பெருகுகிறது. அக்குண்டு ஒன்பதாம் வட்டத்தின் விளிம்பில் போய்ச் சேரும். கை நடுங்குவதைவிடக் குறிகள் கோணுவதே பெருங்கேடு என்பது இதனால் தெளிவாகும். சுடுவோர் இலக்கை நோக்காது முன் குறியை நோக்க வேண்டுமென ஆசிரியர்கள் வற்புறுத்துவதும் இது பற்றியே.

உள்ளங்கையின் அளவுக்குப் பொருந்திய கைப்பிடியில், கண்ணை மூடிக்கொண்டு கருவியை உயர்த்திப் பின் கண்ணைத் திறந்தால், குறிகள் தாமே ஒரு நேர்கோட்டில் நிற்கும். அவ்வாறு நில்லாவிடில் மரப்பிடியைச் சிறிது சிறிதாகச் செதுக்கியோ, மரப்பசைக் கலவையை அப்பியோ பொருந்தச் செய்யலாம். இளைஞர்கள் தம் தோளுக்கு மிகுந்த எடையுள்ள கருவியை ஏற்காமல் இலேசானதையே தொடக்கத்தில் கொள்வது நன்று. விதி அனுமதிக்கும் பேரெல்லை நல்ல எடையின் இலக்கணமன்று.

அடுத்து நோக்க வேண்டியது குண்டைத் தள்ளும் வாயு. முற்காலத்தில் கரியமிலவாயு பெரிதும் பயன்பட்டது. திரவமாக்கப்பட்ட அவ்வாயுவின் அழுத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் இயல்புடையது. 20 பாகை செண்டிகிரேடில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 57 மடங்காக இருப்பது, 30 பாகையில் 70 மடங்கைத் தாண்டிவிடும். நம் நாட்டுக் கோடையில் காலையும் நண்பகலும் குண்டு ஒரே உயரத்தில் படாததற்கு இதுவே காரணமாயிற்று. இன்றைய கருவிகளில் சுமார் 200 மடங்கு அழுத்தமுள்ள காற்று உருளையில் அடைக்கப்படுகிறது. அதனை ஓர் அழுத்தச் சீராக்கி குறைந்த, மாறாத அளவுக்குக் கொணர்ந்து குழலுக்கு விடுகிறது.

சீராக்கி பழுதுற்றால் நேர்வது யாது? நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு, காற்றின் தடையை ஒதுக்கிக் கணக்கிட்டால், இலக்கை அடைவதற்குள் 22 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 140 மீட்டராகக் குறைந்தால் 25 மில்லிமீட்டர் தாழும். இம்மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு, விளிம்பில் நிற்கும் ஒரு குண்டின் புள்ளியைப் பறிக்கப் போதுமானது. இத்தகைய ஓரிரு புள்ளிகளே பல சமயங்களில் இறுதிச் சுற்றின் வாயிலைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன.

இனிப் பராமரிப்பு. உருளையில் உலர்ந்த, தூய காற்றையே நிரப்ப வேண்டும். ஈரம் உள்ளே துருவை விளைவிக்கும். பிராணவாயுவை ஒருபோதும் நிரப்பலாகாது. உயர்ந்த அழுத்தத்தில் அது எண்ணெய்ப் பசையைத் தீப்பற்றச் செய்து வெடிக்க வல்லது. ரப்பர் வளையங்களுக்குச் சாதாரண இயந்திர எண்ணெய் ஆகாது. சிலிக்கோன் பசையை மிகச் சிறிதளவு தடவினால் போதும். ஒவ்வோர் உருளையிலும் பொறிக்கப்பட்ட தேதியைப் பார்த்து, தவணை கடந்ததை ஒதுக்கிவிட வேண்டும். அதனைக் கவனிக்கும் பொறுப்பு சுடுவோரையே சார்ந்தது. விமானத்தில் செல்லும்போது உருளை காலியாக இருத்தல் அவசியம்.

குழலைத் துலக்க, கம்பளிப் பஞ்சாலான சிறு துண்டுகளைக் குண்டு இடும் பக்கத்திலிருந்து செலுத்துவது உத்தமம். முனைப்புறமாக இரும்புக் கம்பியை நுழைத்தால் குழல்வாய் தேய்ந்து, குண்டின் போக்குக் கெடும். ஈயக் குண்டுகளைத் தட்டைத் தலையுடையனவாகக் கொள்ள வேண்டும். அவை தாளில் வட்டமான துளையைத் தெளிவாக வெட்டும். கருவியை ஒரு பிடிப்பானில் இறுக்கி, வகைக்குப் பத்துக் குண்டுகள் சுட்டுப் பார்த்து, மிக நெருங்கி விழும் வகையைத் தேர்க. ஒரு குழலுக்கு உகந்தது மற்றொன்றுக்கு உகவாது. சுட்டு முடித்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. ஈயம் உடலிற் சேரும் நஞ்சாகும்.

போட்டிக்கு முன்னாள், குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும். விசை விடுபடாமல் எடை மேலெழுந்தால் கருவி தேர்வில் தேறும். சரியாக எல்லையிலேயே வைக்காமல் பத்து இருபது கிராம் கூடுதலாக வைத்துக்கொள்வது விவேகம். திருகுகள் தளர்ந்துள்ளனவா, மின்விசையாயின் மின்கலம் புதியதா என்பனவற்றையும் பார்த்தல் வேண்டும். உபரி உருளையும், வளையங்களும், திருகுளிகளும் பெட்டியில் இருக்கட்டும். கூடுமாயின் நன்கு பழகிய மற்றொரு கருவியையும் உடன் கொண்டு செல்லலாம்.

60 குண்டுகளுக்கு 75 நிமிடங்கள் எனில், குண்டு ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடமே கிடைக்கிறது. சுடுமேடையில் ஒரு திருகைத் தேடுவதில் கழியும் பத்து நிமிடம் எட்டுக் குண்டுகளின் அவகாசத்தை விழுங்கிவிடும். அப்பத்து நிமிடத்தை முந்தின நாளே வீட்டில் செலவிடுவோர்க்கு, போட்டி நாளில் குறியையன்றி வேறொன்றையும் எண்ண வேண்டிய தேவை இராது.