பழைய மேப்பை நம்பினா மார்க் போச்சு! மாநிலங்களை வீட்டிலேயே கத்துக்கொடுக்க எளிய வழி

"அம்மா, நம்ம நாட்டுல மொத்தம் எத்தனை மாநிலம்?"

பிள்ளை கேட்டதும் பல வீடுகளில் அப்பா 28 என்பார், அம்மா 29 என்பார். சுவரில் தொங்கும் பழைய மேப் வேறு ஒரு கணக்கு சொல்லும். குழம்பிப்போன பிள்ளை பரீட்சையில் தப்பாக எழுதிவிட்டு வரும்.

இந்தக் குழப்பத்துக்கு காரணம் உண்டு. 2014 ஜூன் 2-ந்தேதி தெலுங்கானா பிறந்ததும் மாநிலங்கள் 29 ஆனது. 2019 அக்டோபர் 31-ந்தேதி ஜம்மு காஷ்மீர், லடாக் என இரண்டு யூனியன் பிரதேசங்களாக பிரிக்கப்பட்டதால் மாநிலங்கள் மறுபடியும் 28 ஆனது. யூனியன் பிரதேசங்கள் 9 ஆனது. 2020 ஜனவரி 26-ந்தேதி தாத்ரா நகர் ஹவேலியும், டாமன் டையூவும் ஒன்றாக இணைந்தன. எனவே சரியான கணக்கு 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள்.

கடையில் மேப் வாங்கும்போது லடாக் தனியாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். இல்லை என்றால் அது பழைய சரக்கு.

அட்டையில் விளையாட்டு

மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். விளையாட்டு என்றால் உட்காருவார்கள்.

புது மேப் இரண்டு வாங்குங்கள். ஒன்றை பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, காய்ந்ததும் மாநிலம் மாநிலமாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேலையை பெரியவர்கள் செய்வது நல்லது. இன்னொரு மேப்பை தரையில் விரித்து, துண்டுகளை அதன் மேல் பொருத்தச் சொல்லுங்கள்.

முதலில் தமிழ்நாடு. பிறகு பக்கத்தில் உள்ள கேரளா, கர்நாடகா, ஆந்திரா. வீட்டில் இருந்து கிளம்பி ஊர் சுற்றுவது போல வடக்கே போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு மாநிலம் என்றால் பதினான்கு நாளில் 28-ம் முடிந்துவிடும்.

புதுச்சேரிக்கு வந்தால் பிள்ளைகள் அசந்துபோவார்கள். காரைக்கால் நம்ம நாகப்பட்டினம் பக்கம், மாகி கேரளா பக்கம், ஏனாம் ஆந்திரா பக்கம். நாலு இடத்துக்கும் ஒரே கலர் அடிக்கச் சொன்னால் மறக்கவே மறக்காது.

பெரிய மாநிலம் ராஜஸ்தான், சின்ன மாநிலம் கோவா. ராஜஸ்தானுக்குள் 92 கோவாவை வைக்கலாம். துண்டுகளை கையில் வைத்து பார்த்தால் இது பிள்ளைக்கே புரியும்.

கோலமாவு போதும்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கைவேலை உண்டு. மகாராஷ்டிராவின் வார்லி ஓவியம் பெரும்பாலும் வட்டம், முக்கோணம், சதுரம், கோடுதான். அங்கே மண் சுவரில் அரிசி மாவை கரைத்து வரைகிறார்கள். நம்ம வீட்டு கோலமாவே போதும். பீகாருக்கு மதுபனி ஓவியம், கர்நாடகாவுக்கு சென்னபட்டணா மர பொம்மை, ஆந்திராவுக்கு கொண்டபள்ளி பொம்மை, நமக்கு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. படம் வரைந்து அந்தந்த மாநிலத்தின் மேல் ஒட்டலாம்.

படப் புத்தகம் இலவசம்

புத்தகம் வாங்க காசு இல்லையா? பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் படக்கதைகளை செல்போனிலேயே இலவசமாக படிக்கலாம். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்கு தனிப் பகுதி இருக்கிறது. வேறு மாநிலக் கதை கிடைத்தால், படித்து முடித்ததும் "இந்த ஊர் மேப்புல எங்கே இருக்கு?" என்று கேளுங்கள்.

இதற்காக பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம். 6 முதல் 14 வயது வரை இலவச கல்வி பிள்ளைகளின் சட்ட உரிமை. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. கட்டிட வேலையிலும் ஓட்டலிலும் பீகார், ஒடிசா, அசாம் ஆட்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். எல்லாரையும் "வடக்கத்திக்காரன்" என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். மேப்பை கையால் ஒட்டிய பிள்ளை, "அண்ணா, உங்க ஊர் ஒடிசாவா, பீகாரா?" என்று கேட்கும். ஊரை விட்டு வந்தவருக்கு அந்த ஒரு கேள்வியே பெரிய சந்தோஷம்.