சூரியன் சொன்ன சாட்சி

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் விரலால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கணீர் என்று கேட்டால் நல்ல பானை. சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல். ஆலய மணியில் கீறல் விழுந்தாலும் ஓசையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சூரியனையும் இப்படித் தட்டிப் பார்க்க முடியுமா? தட்டத் தேவையில்லை. அதன் பரப்புக்குக் கீழே கொதித்துப் புரளும் வாயு, இடைவிடாமல் ஒலி அலைகளை எழுப்புகிறது. விண்வெளியைக் கடந்து அந்த ஓசை நம் காதை எட்டாது. ஆனால் அதனால் சூரியனின் பரப்பு ஏறி இறங்குவதை, அதன் ஒளியில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தால் அறியலாம். ஏறக்குறைய 5 நிமிடங்களுக்கு ஒரு முறை நிகழும் இந்த அசைவை 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் லெய்டன் கண்டுபிடித்தார்.

சில அலைகள் மேலோட்டமாகச் சென்று திரும்புகின்றன. சில மையத்தின் அருகே வரை செல்கின்றன. வெப்பம் மிகுந்த இடத்தில் ஒலி வேகமாகப் பாயும். எனவே பல அலைகளை ஒப்பிட்டு, எந்த ஆழத்தில் என்ன நிலை என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு ஒரு பெரிய வழக்கையே தீர்த்து வைத்தது. சூரிய மையத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை, அமெரிக்கச் சுரங்கம் ஒன்றின் ஆழத்தில் ரேமண்ட் டேவிஸ் அளந்தார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. டேவிஸ் தவறாக அளந்தாரா? அல்லது சூரியனைப் பற்றிய அறிவியல் கணக்கே தவறா? விவாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1995-ஆம் ஆண்டு முதல், நம் நாட்டின் உதய்ப்பூர் உட்பட உலகின் 6 இடங்களிலிருந்து சூரியனின் அதிர்வுகள் தொடர்ந்து பதிவாயின. அதே ஆண்டில் சோஹோ விண்கலமும் ஏவப்பட்டது. அதிர்வுகள் காட்டிய ஒலிவேகத்துக்கும் அறிவியல் கணக்குக்கும் இடையே நூற்றில் ஒரு பங்கு வேறுபாடுகூட இல்லை. சூரியனைப் பற்றிய கணக்கு சரியே!

அப்படியானால் டேவிஸ் தவறா? அவரும் தவறில்லை. நியூட்ரினோக்கள் வரும் வழியில் வேறு வகையாக மாறிவிடுகின்றன என்பதைக் கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் உறுதிசெய்தது. அவருடைய கருவிக்கு ஒரு வகை மட்டுமே தெரிந்தது. 2002-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இன்று இதே முறையில் தொலைதூர விண்மீன்களின் உள்ளமைப்பையும் வயதையும் அறிகிறார்கள்.

இருவர் சொல்வது முரண்பட்டால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று உடனே தீர்ப்பிட்டுவிடுகிறோம். இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். நமக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இடையில் இருக்கலாம். அதுவரை பொறுத்திருக்க நாம் தயாரா?