தாணேயில் உச்சிவெயில் எத்தனை மணிக்கு?

தம்பி தங்கைகளே, மே மாத நடுவில் ஒருநாள் தாணேயில் உங்கள் கட்டிடத்து மொட்டை மாடிக்குப் போய், ஒரு குச்சியை நேராக நிறுத்திப் பாருங்கள். சூரியன் உச்சந்தலைக்கு வந்ததும் நிழல் சுருங்கிச் சுருங்கிக் குச்சியின் அடியிலேயே மறைந்துவிடும். அப்போது மணி 12 இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இருக்காது. ஏறக்குறைய 12.35 ஆகியிருக்கும்.

கடிகாரத்தில் கோளாறு இல்லை. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. இந்திய நேரத்தை உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறோம். தாணே இருப்பதோ 73 பாகைக்குப் பக்கத்தில். அதனால் சூரியன் இங்கே சுமார் 38 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. மாதத்துக்கு மாதம் இதில் சில நிமிடம் கூடும், குறையும்.

நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பது எப்போதுமே இருந்ததில்லை. 1853 ஏப்ரல் 16, மாலை 3.35க்கு பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 34 கிலோமீட்டர் தூரம். அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரியன்தான் கடிகாரம். போரிபந்தரைவிட தாணேயில் அரை நிமிடம் முன்னதாகவே உச்சிவெயில் வந்துவிடும். அரை நிமிடத்தைப் பொருட்படுத்தாமல் விடலாம். ஆனால் சென்னை நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் அரை மணி வித்தியாசம்! ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களின் டிரைவர்கள் வேறு வேறு நேரம் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதனால் ரயில்வே சென்னை வானாய்வகத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கே ஒரே நேரம் வந்தது. பம்பாய் லேசில் இணங்கவில்லை. கடிகாரத்தை 39 நிமிடம் முன்னே தள்ளினால் ஆலைக்கும் அவ்வளவு சீக்கிரம் போக வேண்டுமே! தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். பம்பாய் நேரம் முழுதாக மறைந்தது 1950களில்தான்.

அப்படியானால் காலமே மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டதுதானா? கடிகாரத்தில் தெரியும் எண், ஆமாம், நாம் வைத்ததுதான். காலம் அப்படியல்ல என்பதற்கு வானத்திலிருந்து ஒரு சாட்சி வருகிறது.

விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதும்போது மியூவான் என்ற நுண்துகள்கள் பிறக்கின்றன. ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள், ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் அதில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். வழியிலேயே சிதைந்து போயிருக்க வேண்டும். ஆனால் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள்: விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது!

எப்படி வந்து சேர்ந்தது? அத்தனை வேகத்தில் ஓடுகிற மியூவானுக்கு, நம் கணக்கில், காலம் மெதுவாக நடக்கிறது. பம்பாயில் பிறந்த ஹோமி பாபா 1938இலேயே இதைச் சொன்னார்: இத்தகைய துகளை ஒரு கடிகாரமாகக் கருதலாம், ஐன்ஸ்டைனின் சார்பியல்படி அது ஓடும்போது சிதைவதற்கு அதிக நேரம் பிடிக்கும். பின்னாளில் அவர் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கொலாபாவில் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் ஊட்டியில், கிரேப்ஸ்-3 என்ற ஆய்வகத்தில், 6 மீட்டர் நீளமுள்ள 3,712 குழாய்களை அடுக்கி மியூவான்களை எண்ணுகிறார்கள்.

மியூவானுக்கு மிர்சாப்பூரும் தெரியாது, ரயில் அட்டவணையும் தெரியாது. மனிதர்களே இல்லாத காலத்திலும் அது இப்படித்தான் பிறந்து சிதைந்தது. ஆகவே காலம் இயற்கையில் இருக்கிறது என்றே நான் சொல்வேன். எல்லோருக்கும் பொதுவான ஒரே காலம்தான் இல்லை. ஓடுகிறவருக்கு ஒன்று, நிற்கிறவருக்கு ஒன்று.

இன்னொன்றும் உண்டு. மியூவான் சிதைந்தால் ஓர் எலக்ட்ரானும் இரண்டு நியூட்ரினோக்களும் ஆளுக்கொரு பக்கம் பறந்துவிடும். அவை தாமாகத் திரும்பி வந்து மறுபடி மியூவானாக ஒன்றுசேர்வதை நாம் காண்பதில்லை. காலம் ஏன் இப்படி ஒரே பக்கமாகப் போகிறது என்று இயற்பியலாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.